பதினொரு சேலை வெளிச்சம்

நெடும்பாத்தியை விட்டு வெளிச்சம் போகத் தொடங்கியது ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணி வாக்கில், உப்பு நன்றாக விளைந்து பாத்திகளெல்லாம் கண்ணைப் பிடுங்குகிற மாதிரி வெளுத்துக் கிடந்த நேரத்தில். வானத்தில் மேகம் இல்லை, எங்கும் புகை இல்லை, பஞ்சாங்கத்தில் கிரகணம் போட்டிருக்கவும் இல்லை. சூரியன் தன் இடத்தில்தான் இருந்தது. ஊருக்கு வரவேண்டிய வெளிச்சத்தில் ஒரு பங்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஊருக்கு மேற்கே சாலையில் இருக்கும் ஓடைப் பாலத்தைத் தாண்டிவிட்டால் வெயில் வழக்கம்போல மண்டையைப் பிளந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம், எண்பத்தாறு வீடுகளும் அவற்றைச் சுற்றிய உப்பளமும் மட்டும், முகத்தில் ஒரு நூல் சேலையைப் போட்டுக்கொண்டு பார்ப்பதுபோல மங்கியிருந்தது.

முதலில் கண்டுகொண்டவள் சந்தனமாரி. அவள் தண்ணீர் பார்க்கிறவள். கடலிலிருந்து ஏற்றிய தண்ணீர் பாத்தி பாத்தியாக மாறி வெயிலில் காய்ந்து கெட்டிப்பட்டு, உப்பு விழப்போகிற கடைசிப் பாத்திக்கு வரும்போது செம்பருத்திப் பூவைக் கசக்கிவிட்டதுபோலச் சிவந்துவிடும். அந்தச் சிவப்பைப் பார்த்து, நாளைக்கு வாரலாம், நாளைக் கழித்து வாரலாம் என்று சொல்வது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக வரப்பு வரப்பாக நடந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை கடைசிப் பாத்தியின் சிவப்பு செங்கல் நிறமாகியிருந்தது. வெள்ளிக்கிழமை அது காய்ந்த மாவிலை நிறமானது. அடுத்த வாரம் பார்த்தபோது தண்ணீர் பாசிப் பச்சையாகத் திரும்பியிருந்தது. உப்பு ஏற ஏறத் தண்ணீர் சிவக்கத்தான் செய்யும். அவ்வளவு உப்பை வைத்துக்கொண்டு அது பச்சைக்குத் திரும்பி அவள் பார்த்ததே இல்லை.

"தண்ணி பின்னால போவுது அண்ணாச்சி," என்று கங்காணி வேதமணியிடம் சொன்னாள்.

வேதமணி குடைக்கடியில் நின்று பாத்தியைப் பார்த்தார். காலில் ரப்பர் பூட்ஸ் போட்டு வரப்பிலேயே நடப்பவர் அவர், பாத்தியில் இறங்கியதில்லை. "நல்லாத்தான இருக்கு, கண்ணு கூசாம," என்றார்.

அதை மறுக்க யாராலும் முடியவில்லை. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வெளிச்சம் என்பது அடி வாங்குகிற மாதிரி. மேலிருந்து ஒரு அடி, உப்பிலிருந்து திரும்பி வந்து கண்ணில் இன்னொரு அடி. முப்பது வயதில் கண் கூசத் தொடங்கும், நாற்பதில் நீர் வடியும், அதற்குப் பிறகு எல்லாமே வெள்ளையாகிவிடும். சந்தனமாரியின் புருஷன் மாடக்கண்ணுக்கு எல்லாம் வெள்ளையாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. அவன் கண்ணில் இருட்டு இல்லை, பால் ஊற்றிய மாதிரி ஓயாத வெள்ளை. அதற்குள்ளே தடவித் தடவி வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

எத்தனை சேலை வழியாகப் பார்க்கிற மங்கல் என்று சந்தனமாரி வெளிச்சத்தைச் சேலைக் கணக்கில் வைத்திருந்தாள், அவளைப் பார்த்து ஊரும் அப்படியே பேசப் பழகியது. இரண்டு சேலைக்கு மங்கியபோது பெண்கள் முகத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு வேலை செய்தார்கள், பத்துப் பதினைந்து வருஷம் கூட வேலை பார்த்தவளின் முகம் வெயிலில் இப்படியா இருக்கும் என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மூன்று சேலைக்கு மங்கிய அன்று, சித்திரை கடைசியில், சந்தனமாரி வீட்டு வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது மாடக்கண்ணு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"ஏட்டி, இது எப்ப நரச்சுது?" என்றான்.

அவள் கையிலிருந்த மீன் சட்டிக்குள் நழுவியது. "எது?"

"காதுக்குப் பக்கத்துல. ரெண்டு பக்கமும்."

அவள் எழுந்து அவன் முகத்துக்கு நேரே விரலை ஆட்டிப் பார்த்தாள். அவன் அந்த விரலைப் பிடித்துக்கொண்டான், ஏழு வருஷமாக அவள் கையைப் பார்க்காமலே பிடித்துக்கொண்டிருந்தவன், அன்றைக்குப் பார்த்துப் பிடித்தான். அன்று முழுக்க அவள் எங்கே போனாலும் பின்னாலேயே போனான். அவள் அரிசி களைவதைப் பார்த்தான், உட்கார்ந்து எழும்போது முழங்காலில் கை ஊன்றுவதைப் பார்த்தான்.

ஊரில் இன்னும் பதினொரு பேருக்கு அப்படிப் பார்வை வந்தது. அம்மன் கோவிலில் பொங்கல் வைத்தார்கள். கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஜீப்பில் வந்தவர்கள் ஒரு கருவியை நான்கு இடத்தில் வைத்து அளந்து, போதிய வெளிச்சம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். பஸ் டிரைவர்கள் பாலத்தைத் தாண்டும்போது பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் குழல்விளக்கு போட்டார்கள், அந்த விளக்கின் வெளிச்சமும் அதே அளவுக்குத்தான் வந்தது, ஆகவே அணைத்துவிட்டு வழக்கம்போலப் பாடம் நடத்தினார்கள். ஐந்து சேலைக்கு மங்கியபோது உப்பு விழுவது நின்றுபோயிற்று. பச்சைத் தண்ணீர் காயவே இல்லை. உப்பு வாரும் பலகைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்த பத்தாம் நாள் பானைகள் காலியாயின.

அதற்குப் பிறகுதான் பாதங்கள் பச்சையாயின. உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்த குதிகால்களில், வெடிப்புக்குள்ளே, முதலில் கோடு கோடாகத் தெரிந்தது. தேய்த்துக் கழுவினார்கள், போகவில்லை. கணுக்காலுக்கு ஏறி, முழங்காலுக்கு ஏறி, ஆடி பிறப்பதற்குள் கழுத்து வரை வந்து முகத்திலும் படர்ந்துவிட்டது. பாத்தியில் கால் வைத்தவர்களுக்கும் அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் மட்டும்தான் வந்தது. பலசரக்குக் கடைக்காரர் குடும்பத்துக்கு வரவில்லை, வாத்தியாருக்கு வரவில்லை, வேதமணிக்கு வரவில்லை. வராதவர்கள் ஒவ்வொருவராகப் பாலத்தைத் தாண்டி வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். வந்தவர்கள் பயந்து அழுதார்கள் என்று சொல்ல முடியாது. பசி குறைந்துவிட்டது. பத்து மணிக்கு மேல் வரப்பில் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு, கைகளை விரித்து மல்லாந்து படுத்தால், மூன்று மணிக்கு எழும்போது ஒரு வட்டில் கஞ்சி குடித்தமாதிரி வயிறு அடங்கியிருந்தது. ஆண்கள் கிழக்கு வரப்பு, பெண்கள் மேற்கு வரப்பு என்று பிரித்துக்கொண்டார்கள். யார் மேல் யார் நிழல் விழுந்தது என்று சண்டை வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து கல்யாணம் பேச வந்தவர்கள், பெண் எவ்வளவு பச்சை என்று கேட்டார்கள். வெளிச்சம் குறையக் குறையப் பச்சை கருத்துக்கொண்டே வந்தது, பேச்சு குறைந்துகொண்டே வந்தது. அடுப்பு பற்றவைக்கிற வீடு இரண்டோ மூன்றோதான் மிஞ்சியது.

ஆடி மாதத்தில் டவுன் கல்லூரியிலிருந்து ஜெசிந்தா என்ற டீச்சர் பையில் கண்ணாடிப் போத்தல்களோடு வந்தாள். செடிகொடிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள், முப்பது வயதிருக்கும், கல்யாணமாகாதவள். தண்ணீர் பார்க்கிறவள் யார் என்று விசாரித்து நேரே சந்தனமாரி வீட்டுக்கு வந்தாள். இருவரும் ஐந்து நாள் வரப்புகளில் நடந்தார்கள். ஜெசிந்தா போத்தல்களில் தண்ணீர் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய், ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"அக்கா, இந்தத் தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர் கோடிக்கணக்குல இருக்கு," என்றாள் ஜெசிந்தா. "அதுக்கு வெயில்தான் சோறு. ஆனா வெயில் அளவுக்கு மீறினா அதுவே அடிச்சுக் கொன்னுரும். அதனால வெயில் கூடும்போது சிவப்பா ஒரு சாயத்த உண்டாக்கிக் குடை மாதிரிப் பிடிச்சுக்கிடும். நீங்க இத்தன வருஷம் பார்த்த சிவப்பு அந்தக் குடைதான். வெயில் குறைஞ்சா குடைய மடக்கிரும். கெடைக்கிற கொஞ்ச வெளிச்சத்துல ஒரு பொட்டு விடாமப் பிடிக்கணும்னு பச்சைய விரிக்கும். குறையக் குறைய இன்னும் விரிக்கும்."

சந்தனமாரி தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நாங்களும் விரிச்சுட்டோம்."

"ஆமாக்கா."

"மறுபடி வெயில் வந்தா மடக்கிக்கிடலாம்லா?"

ஜெசிந்தா பையிலிருந்து இரண்டு போத்தல்களை எடுத்து வைத்தாள். இரண்டிலும் இந்தப் பாத்தித் தண்ணீர்தான் எடுத்தேன், என்றாள். ஒன்றைக் கொண்டுபோன அன்றைக்கே மாடியில் வெயிலில் வைத்துவிட்டாள், அது சாயங்காலத்துக்குள் வெளுத்து, சோறு வடித்த கஞ்சி மாதிரி ஆகி, நாறிவிட்டது. இன்னொன்றைத் துணியால் பல சுற்றுச் சுற்றி, நாலு நாளைக்கு ஒரு சுற்றாக அவிழ்த்தாள். அது பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து சிவந்து, உயிரோடு இருந்தது.

"விரிச்சு வச்சதுக்குள்ள ஒரேயடியா வெயில் புகுந்தா, மடக்க நேரம் இருக்காது. உள்ளயிருந்தே கருகிரும். யாரையும் அவசரப்பட்டுப் பாலத்தத் தாண்ட விடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சந்தனமாரி அந்தப் போத்தல்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினாள். ஜனங்கள் பார்த்தார்கள். அவர்கள் அப்போதே அதிகம் பேசாதவர்களாகிவிட்டிருந்தார்கள்.

புரட்டாசியில், வெளிச்சம் ஏழு சேலைக்கு மங்கியிருந்தபோது, வேதமணி லாரியோடு வந்தார். நெடும்பாத்தி உப்பளத்து முதலாளிக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு அளம் இருந்தது. மழைக்கு முன்னால் அங்கே குவித்திருக்கிற உப்பை அள்ளி ஏற்றியாக வேண்டும், ஆள் போதவில்லை. சோறு கேட்காத, தண்ணீர் கேட்காத ஆட்கள் இங்கே சும்மா படுத்திருக்கிறார்கள் என்று முதலாளி காதுக்கு எட்டியிருந்தது.

"வீடெல்லாம் அவர் இடத்துலதான இருக்கு," என்றார் வேதமணி, யார் முகத்தையும் பார்க்காமல். "வீட்டுக்கு ஒரு ஆள் வரணும்ங்காரு. இன்னிக்கு இந்தத் தெரு. ஒரு நாள் வேலதான்."

சந்தனமாரி லாரிக்கு முன்னால் போய் நின்றாள். "அண்ணாச்சி, இவங்க செத்துருவாங்க. நான் போத்தல்ல பார்த்தேன்."

"ஆளும் போத்தல் தண்ணியும் ஒண்ணா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் பச்சையாச்சு."

வேதமணி லாரிக் கதவிலிருந்து கையை எடுத்தார். ஆனால் லாரியில் ஏறியவர்கள் இறங்கவும் இல்லை. பதினான்கு பேர். அதில் சந்தனமாரியின் தம்பி வேம்படிமுத்துவும் இருந்தான், இருபத்தேழு வயது, எப்போதும் எதையாவது தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும் அவனுக்கு. மூன்று மாதமாக மல்லாந்து கிடந்தது அவனை அரித்துக்கொண்டிருந்தது.

"எறங்கு தம்பி," என்றாள்.

"மல்லாக்கப் படுத்து வாழுறதுக்கு மனுசப் பொறப்பு எதுக்குக்கா," என்றான் வேம்படிமுத்து. "துண்டு நல்லாச் சுத்திக்கிடுதேன். சாயந்திரம் வந்துருவேன்."

அவர்கள் துண்டு சுற்றிக்கொண்டார்கள், சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டார்கள், ஆனால் உப்பு அள்ளுகிறவன் உடம்பை மூட முடியாது, அவன் நிற்பதே வெளிச்சத்தின் மேல்தான். மேலேயிருந்து வந்ததைச் சாக்கு தடுத்தது, கீழே உப்பிலிருந்து எழுந்ததை ஒன்றும் தடுக்கவில்லை. வேதமணி பின்னால் சொன்னபடி, முதல் ஒரு மணி நேரம் அவர்கள் யாரும் செய்யாத வேலையைச் செய்தார்கள், நான்கு ஆள் தூக்குவதை ஒரு ஆள் தூக்கினான், சிரித்தார்கள்கூட. வெயில் அவர்களுக்குள் அவ்வளவு வேகமாக இறங்கியது. பன்னிரண்டு மணிக்கு ஒருவன் தோள் வெளுத்தது. பிறகு எல்லோருக்கும் வெளுத்தது, பச்சை போன இடத்தில் பழைய நிறம் வரவில்லை, ஒரு நிறமும் வரவில்லை. யாரும் கத்தவில்லை. கூடையைத் தலையிலிருந்து மெதுவாக இறக்கி வைத்துவிட்டு உப்பின்மேல் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் சாய்ந்தார்கள். இரண்டு மணிக்கு அம்பாரத்தில் எது உப்பு எது ஆள் என்று தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

நாலு மணிக்கு லாரி அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தது. வேதமணிதான் பின்பலகையை இறக்கினார். தெருவில் பாய் போட்டுப் பதினான்கு பேரையும் வரிசையாகக் கிடத்தியபோது, அந்த மங்கலில் ஊரிலேயே வெளிச்சமாக இருந்தவை அந்த உடம்புகள்தான். பல மாதமாக ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்காதவர்கள் அந்த வெண்மையில் பார்த்துக்கொண்டார்கள், தாய்மார்கள் பிள்ளைகளின் முகத்தைவிடத் தங்கள் பச்சைக் கைகளைப் பார்த்து அதிகம் பயந்தார்கள். சந்தனமாரி தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். துண்டு சுற்றியிருந்த இடத்தில் மட்டும், நெற்றியில் நாலு விரல் அகலத்துக்கு, பச்சை அப்படியே இருந்தது. புதைக்கிற வரைக்கும் அவள் அந்த இடத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

மழைக்காலம் வந்து போயிற்று. வெளிச்சம் எட்டு சேலை, ஒன்பது சேலை, பத்து சேலை என்று மங்கிக்கொண்டே போயிற்று. ஜனங்கள் கரும்பச்சையாகி, பிறகு பச்சை என்று சொல்ல முடியாத ஒரு கருப்பாகி, காலையில் வரப்புக்குப் போய்ப் படுத்தால் இருட்டும் நேரத்தில்தான் எழுந்தார்கள். மாசியில் இரண்டு வயதானவர்கள் எழவில்லை. போய்த் தொட்டுப் பார்த்தால் உடம்பு சூடாகத்தான் இருந்தது, மூச்சும் இருந்தது, எழுந்திருக்கிற அளவுக்கு வெளிச்சம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நான்கு நாளில் மூச்சும் நின்றது. அதற்குப் பிறகு வாரம் ஒருவர்.

பதினொரு சேலைக்கு மங்கிய அன்று சந்தனமாரி தன் பெட்டியைத் திறந்து இருந்த சேலைகளை எல்லாம் எடுத்து வாசலில் போட்டாள். பக்கத்து வீட்டில் போய்க் கேட்டாள், அடுத்த வீட்டில் கேட்டாள். எதற்கு என்று கேட்கக்கூட ஜனங்களுக்குத் தெம்பில்லை, கொடுத்தார்கள். தகவல் கிடைத்து வந்த ஜெசிந்தா பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்று, டவுனிலிருந்து கூட்டிவந்த ஆட்களை ஏவினாள். வேதமணி ஒரு லாரி நிறையச் சவுக்குக் கம்புகளைக் கொண்டுவந்து இறக்கினார். யாரும் அவரை வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. அவரே குழி தோண்டி அவரே கம்பு நட்டார், உள்ளங்கை பொத்துப்போகும் வரை நட்டார். பாலத்தை ஒட்டி, வெயிலுக்குள், நீளமாக ஒரு பந்தல் எழுந்தது. கூரைக்குப் பதினொரு அடுக்குச் சேலை, பக்கங்களுக்கும் பதினொரு அடுக்கு, ஒன்றின் மேல் ஒன்று. கூறைப்புடவைகள் இருந்தன, செத்தவர்களின் சேலைகள் இருந்தன. சித்திரைக் கடைசியில் ஒரு சாயங்காலம், ஊரில் மிஞ்சியிருந்த இருநூற்று ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்து அந்தப் பந்தலுக்குள் போனார்கள். மாடக்கண்ணுதான் முன்னால் நடந்தான். அந்த மங்கலில் எல்லோரையும்விட அவனுக்குத்தான் கண் நன்றாகத் தெரிந்தது.

நாலு நாளைக்கு ஒரு சேலை என்று சந்தனமாரி அவிழ்த்தாள். ஒவ்வொரு சேலையை அவிழ்க்கும் முன்னும் ஜனங்களின் உள்ளங்கையை, நாக்கை, கண்ணிமையைப் புரட்டிப் பார்த்தாள், பாத்தித் தண்ணீரைப் பார்ப்பதுபோலவே. நான்காவது சேலை போனபோது கருப்பு பச்சையாயிற்று. ஆறாவது போனபோது பச்சை பழுத்த இலை நிறமாயிற்று. ஏழாவதை அவிழ்த்த மறுநாள் செல்வக்கனி என்ற பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள், என்ன செய்கிறது என்று கேட்டதற்குப் பசிக்கிறது என்றாள், அதைக் கேட்டுப் பந்தலே அழுதது. டவுனிலிருந்து அரிசி வந்தது, கல் அடுப்புகள் புகைந்தன. எட்டாவதோடு எல்லோர் தோலிலும் மெல்லிசாகச் சிவப்பு ஏறத் தொடங்கியது.

அன்று மாடக்கண்ணு அவளைக் கூப்பிட்டான்.

"இப்ப எத்தன சேல இருக்கு?"

"மூணு."

"இதோட நிறுத்திக்கிடு."

அவளுக்கு விளங்கிவிட்டது. இருந்தாலும் கேட்டாள். "ஏன்?"

"ஓரமெல்லாம் வெள்ளை பூக்குது. நடுவுல மட்டும் நீ இருக்க. இன்னொன்ன எடுத்தா நீயும் போயிருவ."

மற்றவர்களை நிறுத்தி வைக்க முடியாது. ஆகவே பந்தலின் வடக்கு மூலையில் ஆறடிக்கு ஆறடி ஒரு மறைப்புக் கட்டி, அதற்கு மட்டும் மூன்று சேலையை விட்டுவிட்டு, பாக்கிப் பந்தலை அவள் அவிழ்த்துக்கொண்டே போனாள். ஜனங்கள் செக்கச் செவேலென்று சிவந்து, கடைசிச் சேலையும் போய் வெயிலில் நின்று, பன்னிரண்டு நாளில் பழைய கருப்புக்கும் மாநிறத்துக்கும் திரும்பி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சொந்தக்காரர்களின் ஊர்களுக்குப் போனார்கள். சந்தனமாரி புருஷனோடு அந்த மறைப்புக்குள் இருந்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தலை சீவச் சொன்னான், சீவினாள். எழுந்து நடக்கச் சொன்னான், ஆறடிக்குள் நடந்தாள். உன் தம்பி சாயல் உனக்கு மூக்கில் இருக்கிறது என்றான். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனுஷனின் முன்னால் அவள் தன் வாழ்க்கையில் உட்கார்ந்ததில்லை, கல்யாணமான புதிதில்கூட இல்லை.

ஆனிக் கடைசியில் காற்று கிளம்பியது. மேற்கேயிருந்து மண்ணை வாரிக்கொண்டு வருகிற காற்று, ஆடி முடிய நிற்காது. சவுக்குக் கம்புகள் கிறீச்சிட்டன. ஜெசிந்தா வந்து முடிச்சுகளை இழுத்துப் பார்த்தாள்.

"அக்கா, காத்து மூணையும் ஒண்ணாக் கிழிச்சா அண்ணன் பிழைக்க மாட்டாங்க. மூணையும் முறையா எடுக்கப் பன்னிரண்டு நாள் வேணும். இன்னிக்கு ஆரம்பிச்சாத்தான்."

"அவுக ஒத்துக்கிட மாட்டாங்க."

"கேட்டீங்களா?"

"கேக்கல," என்றாள் சந்தனமாரி.

அவள் கேட்கவே இல்லை. அன்று மத்தியானம் சோறு தின்றுவிட்டு மாடக்கண்ணு அவள் பக்கம் முகத்தை வைத்துப் படுத்துத் தூங்கிப்போனான். அவள் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று, மேலே கட்டியிருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். சேலையைச் சத்தமில்லாமல் இழுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அவன் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தாள்.

அவன் கண்ணைத் திறந்தான். அவள் இருந்த பக்கம் பார்த்தான், பிறகு அவளுக்குச் சற்று இடது பக்கமாகப் பார்த்தான், பிறகு கையை நீட்டித் துழாவினான்.

"எடுத்துட்டியா?" என்றான்.

"ஆமா."

அவன் மறைப்புத் துணிப் பக்கம் திரும்பிப் படுத்தான். நாலு நாள் கழித்து அடுத்த சேலையை எடுத்தாள், அதற்கு நாலு நாள் கழித்துக் கடைசிச் சேலையை எடுத்தாள். மேலும் நாலு நாளில் அவன் தோலில் சிவப்பு நிலைத்துவிட்டது. அவன் உயிரோடு வெயிலில் உட்கார்ந்திருந்தான், கண்ணில் பால் ஊற்றியதுபோல. காற்று அந்தப் பந்தல் கம்புகளைச் சாய்த்தது, அவள் முதல் சேலையை எடுத்ததிலிருந்து பதினேழாம் நாள். பன்னிரண்டு போக ஐந்து நாள். ஐந்து நாள் அவனைப் பார்க்க விட்டிருக்கலாம். அது அவளுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, அதைச் சொல்ல ஆளில்லை.

நெடும்பாத்தி அந்த வருஷத்தோடு முழுக்க அணைந்துபோயிற்று. இப்போது சாலையில் போகிறவர்களுக்குப் பாலத்துக்குக் கிழக்கே ஒரு கருப்பு மட்டும் தெரியும், பகலிலும் அதற்குள் ஒன்றும் தெரியாது, பஸ் சுற்றிப் போகிறது. சந்தனமாரி பாலத்துக்கு மேற்கே ஒரு அளத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், வேறு வேலை அவளுக்குத் தெரியாது. சிவந்த தண்ணீரைப் பார்த்து நாளைக்கு வாரலாம் என்று சொல்கிறாள். அவள் கண்ணும் இப்போதெல்லாம் பன்னிரண்டு மணிக்கு மேல் நீர் வடிக்கிறது.

மாடக்கண்ணு அவளோடு ஒரு வார்த்தை பேசாமல் ஆவணி வரைக்கும் இருந்தான். போட்டதைத் தின்றான், கையைப் பிடித்தால் கூட நடந்தான். ஒரு நாள் உச்சி வேளையில் அவள் வேலையிலிருந்து வந்து சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, முகத்தைத் தூக்கி, "அன்னைக்கு நீ எடுத்தது எந்தச் சேல?" என்று கேட்டான்.

அவள் கரண்டியை நிறுத்தினாள். "மஞ்சச் சேல. அரக்குக் கரை போட்டது."

"யாருது?"

"என்னோடதுதான்."

அவன் சோற்றைப் பிசைந்தான். பிறகு, "அது இருந்த வரைக்கும் நீ தெரிஞ்ச," என்றான்.

அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவன் போதும் என்று சொல்லவில்லை.